மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் அம்பாசிடர் ஏன் கொதிக்கிறது?

டெல்டா பக்கம் இன்றும் ஓடுகிற பழைய அம்பாசிடர், பத்மினி வண்டிகளில் பல கல்யாணத்துக்காகத்தான் ஓடுகின்றன. முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரமும் தவிலும் முன்னால் நடக்க, கிரில் தெரியாமல் சாமந்தி கட்டிய வண்டி பின்னால் ஊர்ந்து வரும். முதல் கியர், பாதி கிளட்ச், ஒரு மணி நேரம். மண்டப வாசல் வருவதற்குள் பானட் இடுக்கில் ஆவி கிளம்பிவிடும்.

உடனே சுற்றி நிற்பவர்கள் மூன்று வைத்தியம் சொல்வார்கள்: தெர்மோஸ்டாட்டை (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) கழற்றி எறி, பெரிய ரேடியேட்டர் போடு, எலக்ட்ரிக் ஃபேன் மாட்டு. முதல் வைத்தியத்துக்குக் காசு வேண்டாம், ஆனால் கெடுதல். மற்ற இரண்டும் சில வண்டிக்குத் தேவைப்படலாம். ஆனால் வண்டி எந்த நேரத்தில் ஹீட் ஆகிறது என்று கேட்காமல் எதை மாற்றினாலும் பணம் தண்டம்.

நின்றால், ஊர்ந்தால் ஹீட் ஏறி, 50 கி.மீ. வேகத்தில் போனதும் இறங்குகிறதா? கோளாறு காற்றுப் பக்கம்: ஃபேன், பெல்ட், அடைத்த ஃபின் (ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடு), பூமாலை. ஊருக்குள் ஒழுங்காக இருந்து, பைபாஸில் 60, 70-இல் போகும்போது ஏறுகிறதா? தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை: ரேடியேட்டர் குழாய் அடைப்பு, உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த வாட்டர் பம்ப். காலையில் எடுத்த ஐந்தே நிமிடத்தில் முள் சிவப்புக்குப் போகிறதா? ஏர் லாக் (தண்ணீர்ப் பாதையில் சிக்கிய காற்று), திறக்காத தெர்மோஸ்டாட், அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு). எல்லா வேகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றால் டைமிங்கையும் (ஸ்பார்க் விழும் நேரம்) பெட்ரோல் கலவையையும் பாருங்கள். கூடவே நாலு சக்கர பிரேக் டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டியில் இன்ஜினைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அதற்கும் முன்னால் ஒன்று. மீட்டர் சொல்வது உண்மையா? நாற்பது, ஐம்பது வருடத்து மீட்டரை நம்பி ஹெட்டை இறக்கியவர்கள் உண்டு. கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு தெர்மோஸ்டாட் ஹவுசிங் மீது காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் கறுப்பு பெயிண்ட் தடவிவிட்டுப் பாருங்கள். 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் இன்ஜின் நலம், மீட்டர்தான் நோயாளி. வோல்டேஜ் ஸ்டெபிலைசர் (மீட்டர்களுக்குச் சீரான மின்சாரம் தரும் சின்னப் பெட்டி) உள்ள மின் மீட்டர் வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் வழக்கத்தை விட மேலே நின்றால், கோளாறு ஸ்டெபிலைசரில்.

தண்ணீர்தான் முதல் எதிரி

எங்கள் பக்கத்து வண்டிகளில் வரும் ஹீட் கோளாறுக்கு மூலம் தேடிப் போனால் பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் நிற்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் போர் தண்ணீரில் உப்பு தெரியும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாய்க்கு நன்றாக இருக்கும் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. வெந்நீர்த் தவலையின் உள்ளே படிகிற அதே வெள்ளைப் பொருக்குதான் சிலிண்டரைச் சுற்றியும் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. தினமும் அரை லிட்டர் ஊற்றிச் சமாளிக்கும் வண்டி, தினமும் அரை லிட்டர் தண்ணீரின் உப்பைச் சேர்த்து வைக்கிறது. சின்னக் கசிவுதானே என்று விட்டால் வருகிற வினை இது.

அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வகை. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. உள்ளே துரு பிடித்தால் செந்நிறச் சேறாக இறங்கி, பின்பக்கம் நாலாம் சிலிண்டரைச் சுற்றித் தங்கும். மீட்டரின் முனை இருப்பது முன்பக்கம். அதனால் பின்னால் உள்ளுக்குள் கொதித்தாலும் முள் அமைதியாக இருக்கும்.

சோதிக்க எளிய வழி: ரேடியேட்டரின் கீழ்க் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்த பிறகு, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயையும் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் ஒரு சொட்டும் வராது. தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. திருகை முழுதாகக் கழற்றி, கட்டுக்கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள். முதலில் கம்பியில் ஒட்டிக்கொண்டு குழைந்த செம்மண் மாதிரி ஒரு பசை வரும். இன்னும் குத்தினால் சிறு கட்டிகளாக உதிரும். பிறகுதான் பீய்ச்சி அடிக்கும். இப்படி வந்த வண்டிக்கு வெறும் தண்ணீர் விட்டு அலசுவது போதாது.

அலசும் முறை இது. தெர்மோஸ்டாட்டைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டி வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். வடியும் தண்ணீரைப் பக்கெட்டில் அளந்து வைத்தால் மொத்தக் கொள்ளளவு தெரிந்துவிடும். பிறகு லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். மளிகைக் கடையில் கிடைப்பதே போதும். இன்ஜினை 80 டிகிரி வரை ஏற்றி, 15, 20 நிமிடம் ஓட விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊற விடக் கூடாது. அடுத்து லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீர். மிச்சப் புளிப்போடு சேர்ந்து நுரைக்கும். எனவே மூடியைத் திறந்து வைத்தே மெதுவாக ஊற்றி, 10 நிமிடம் ஓட்டி வடியுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை.

பத்மினிக்கு ஹெட் அலுமினியம். அதற்கு எலுமிச்சை உப்பைப் பாதியாகக் குறைத்து, நேரத்தையும் குறையுங்கள். இரண்டு வண்டிக்குமே டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். உப்போடு சேர்த்து ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் அது தின்னும். சுத்தமானது போலத் தெரியும், அடுத்த வாரம் நாலு இடத்தில் ஒழுகும்.

கழன்ற பொருக்கு எங்கே போகும்? நேராக ரேடியேட்டர் குழாய்க்கு. அலசும்போதும் அடுத்த 200 கி.மீ. வரையிலும் மேல் ஹோஸ் ரேடியேட்டரில் நுழையும் இடத்தில் பழைய நைலான் சாக்ஸின் நுனியை உள்ளே தள்ளி, விளிம்பை மடித்து, மேலே கிளாம்ப் போட்டு வைத்தால் அத்தனையும் அதில் பிடிபடும். எடுத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி தேறும். மறக்காமல் எடுத்துவிடவும், இல்லாவிட்டால் அதுவே அடைப்பு.

இனி ஊற்ற வேண்டியது பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர், அதோடு கூலன்ட். பாட்டிலில் பாதிக்குப் பாதி என்று போட்டிருப்பது பனி உறையும் ஊருக்கு. நமக்கு மார்கழி விடியற்காலையிலும் உறையப் போவதில்லை. கூலன்டில் உள்ள கிளைகால் என்ற திரவம் அதிகமானால் தண்ணீர் வெப்பம் சுமக்கும் திறன் குறைகிறது. துருத் தடுப்புக்கு 30 சதவீதம் தாராளம். 8 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு இரண்டரை லிட்டர் கூலன்ட், மீதி தண்ணீர். பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று போட்ட பழைய பச்சை வகையே நல்லது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரைக் கூலன்ட் இல்லாமல் தனியாக ஊற்றினால் உப்பு படியாது, ஆனால் துரு பிடிக்கும்.

ரேடியேட்டர்

கழற்றிய ரேடியேட்டரின் கீழ் வாயை உள்ளங்கையால் பொத்தி, தண்ணீர் நிரப்பி, கையைச் சட்டென்று எடுங்கள். குபுக்கென்று மொத்தமும் கொட்ட வேண்டும். நூலாக வடிந்தால் குழாய் அடைப்பு. கழற்றாமல் பார்க்க, சூடான இன்ஜினில் வெப்பமானியை ரேடியேட்டர் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் காட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழே சீராகக் குறைந்து வர வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் வித்தியாசம் பத்து டிகிரி சுமாரில் இருந்தால் சரி. 25, 30 என்று போனால் தண்ணீர் மிக மெதுவாக ஓடுகிறது. வித்தியாசமே இல்லாமல் இரண்டும் கொதித்தால் காற்று போதவில்லை.

அடைப்புக்கு ராட் அடிக்கலாம்: மேல் கீழ் டேங்கை உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டு எடுப்பது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன கும்பகோணம் பக்கத்தில் ஈயம் பூசும் ஆள் கிடைப்பார். ஆனால் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது வேறு, ரேடியேட்டர் பற்றவைப்பது வேறு. அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

கடலோர வண்டிகளுக்கு இன்னொரு நோய் உண்டு. உப்புக் காற்றில் ஃபின் குழாயோடு ஒட்டியிருக்கும் பற்று விட்டுப்போகும். பார்க்க ரேடியேட்டர் முழுசாகத்தான் இருக்கும், தண்ணீரும் நன்றாக ஓடும், வெப்பம் மட்டும் வெளியே போகாது. நகத்தால் ஃபினை மெல்லச் சுரண்டுங்கள். பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அந்தக் கோர் (குழாயும் ஃபினும் சேர்ந்த நடுப்பாகம்) முடிந்தது. ராட் அடிப்பது வீண், புதுக் கோர்தான்.

புதுக் கோர் போடும்போது மூன்று வரிசைக் குழாய்க்குப் பதில் நான்கு வரிசை போடலாமே என்று கடையில் கேட்பார்கள். நெடுஞ்சாலை வண்டிக்குச் சரி. ஊர்வல வண்டிக்கு அல்ல. கோர் தடிமனாக ஆக, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத மெது ஓட்டத்தில்) சுற்றும் அந்தச் சின்ன ஃபேன் அதன் வழியே காற்றை இழுக்கத் திணறும்.

குறுவை அறுப்பு, தை மாதச் சம்பா அறுப்புக் காலங்களில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயும். பதரும் வைக்கோல் தூசியும் ஃபினில் போய்ச் செருகிக்கொள்ளும். ராத்திரி ஓட்டத்தில் பூச்சி வேறு. இன்ஜின் பக்கம் நின்று, முன்பக்கம் நோக்கித் தோட்டக் குழாயால் அடித்துக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போகும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் காட்டினால் ஃபின் மடங்கிப் படுத்துவிடும்.

ஃபேன், பெல்ட், பம்ப்

இரண்டு வண்டியிலும் ஃபேனும் வாட்டர் பம்பும் ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். தொய்ந்தால் சறுக்கும், அளவுக்கு மீறி இறுக்கினால் பம்ப் பேரிங் போகும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி மினுங்கினால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். ஃபேனைக் கழற்றி மாட்டியவர் முன்பின் திருப்பி மாட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், அளவு மட்டும் குறையும். அதனால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. இறக்கையின் குழிந்த பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

ஊர்வல வண்டிக்குச் செய்யும் செலவில் அதிகப் பலன் தருவது ஃபேனைச் சுற்றி ஒரு தகரக் கூடு. ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடி, நடுவில் ஃபேனுக்கு மட்டும் வட்டம் விட்டது. இறக்கை நுனிக்கும் வட்டத்துக்கும் முக்கால் முதல் ஒரு அங்குலம் இடைவெளி, இறக்கையின் பாதி அகலம் கூட்டுக்குள். இன்ஜின் ரப்பர் மவுண்ட் தொய்ந்த வண்டியில் இதை மாட்டினால் இறக்கை உரசும், மவுண்டை முதலில் மாற்றுங்கள். ரேடியேட்டரின் பக்கச் சந்துகளையும் ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள். காற்று சுற்றுவழி கிடைத்தால் அதன் வழியே நழுவும்.

எலக்ட்ரிக் ஃபேன் மாட்டுவதற்கு முன் கரண்ட் கணக்கு. பழைய டைனமோ அதிகபட்சம் 20 ஆம்பியர் சுமார்தான் தரும், அதுவும் வேகத்தில். ஐடிலில் ஒன்றுமே தராது. ஃபேனுக்கு 10 ஆம்பியர், ஹெட்லைட்டுக்கு 7, 8, இக்னிஷன் தனி. ஊர்வலம் முடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிக்கு மட்டும் அந்த ஃபேன், அதுவும் ரிலே, ஃப்யூஸ் வைத்து. பழைய வண்டிகளில் பாடிக்குப் போவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் இணைத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றை எதிர்த்துத் தள்ளும்.

பம்பைச் சோதிக்க ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ, அடியில் உள்ள சின்னத் துளையில் ஈரம் தெரிந்தாலோ காலம் முடிந்தது. உள்ளே சுழலும் இறக்கை துருவில் கரைந்து குட்டையாகியிருக்கும் பம்ப் ஒழுகாது, சத்தமும் போடாது, தண்ணீரை மட்டும் தள்ளாது. கீழ் ஹோஸை இன்ஜின் வேகத்தில் கவனியுங்கள். தட்டையாக உள்வாங்கினால் ஹோஸ் நைந்துவிட்டது, அல்லது உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி இல்லை.

தெர்மோஸ்டாட், மூடி, டைமிங்

தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி காலையில் சூடேறவே நேரம் எடுக்கும். சிலிண்டர் தேயும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதோடு, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே திரும்பும் பைபாஸ் வழி உள்ள இன்ஜின்களில் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வரும். கழற்றியதால் ஹீட் நின்றது என்றால் அந்தத் தெர்மோஸ்டாட் கெட்டுப்போனது என்று அர்த்தம், தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று அல்ல. பாத்திரத்தில் தண்ணீரும் வெப்பமானியும் வைத்துக் காய்ச்சிப் பாருங்கள். 82 டிகிரி போட்டது அந்தச் சுமாரில் திறக்க ஆரம்பித்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். நம் வெயிலுக்கு 74 அல்லது 82 போதும். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்க்கட்டும். தட்டில் காற்றுத் துளை இல்லாவிட்டால் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், ஏர் லாக் தொல்லை பாதி தீரும்.

ரேடியேட்டர் மூடியில் போட்ட பவுண்டு (அழுத்த) அளவு முக்கியம். பழைய வண்டிகளுக்கு 4 அல்லது 7 பவுண்டு. 7 பவுண்டு அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் நைந்த மூடியில் அது 100-லேயே கொதிக்கும், குற்றம் ரேடியேட்டர் மேல் விழும். புது வண்டியின் 13, 15 பவுண்டு மூடியை மாட்டினால் பழைய பற்றுகள் விட்டுப்போகும். இன்னொன்று, தனி பாட்டில் இல்லாத வண்டியில் கழுத்து வரை நிரப்பினால் சூடேறியதும் மிச்சத்தை வெளியே தள்ளத்தான் செய்யும். கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழே நிற்கும் மட்டம்தான் அதன் இயல்பு. அங்கேயே நின்றால் ஊற்றாதீர்கள்.

டைமிங் பின்தங்கினால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, வெப்பம் சுவருக்கும் எக்ஸாஸ்டுக்கும் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் பாயிண்டின் நாக்கு தேயத் தேய இடைவெளி குறைந்து, டைமிங் தானாகவே பின்தங்கும். லூக்காஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. அதைச் சரிசெய்த பிறகே டைமிங் வையுங்கள். வாக்குவம் டியூபை கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சிக்கொண்டே டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே பாருங்கள். தட்டு அசைய வேண்டும், உங்கள் நாக்கால் டியூப் துளையை அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். திரும்பிவிட்டால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) அளவுக்கு இது மெலிந்த கலவையாக எரியும், ஹீட்டும் கொஞ்சம் கூடும். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் நட்டை ஒரு பட்டை (ஆறில் ஒரு சுற்று) கீழே இறக்கிப் பாருங்கள். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிது. வெயிலில் நின்ற வண்டி முள் சரியாக இருக்கும்போதே இருமி நின்றால் அது ஹீட் கோளாறே அல்ல, பெட்ரோல் லைனில் ஆவி அடைப்பு. லைனை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி வைத்து, உறை போடுங்கள்.

ஊர்வல நாள்

பூக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கிரிலின் வாய் திறந்திருக்க வேண்டும். மாலையை பானட் ஓரத்திலும் மட்கார்டிலும் தொங்க விடலாம். ஐடிலை நிமிடத்துக்கு 1000, 1100 சுற்றுக்கு ஏற்றி வையுங்கள், ஃபேனும் பம்பும் சேர்ந்து வேகம் எடுக்கும். பாதி கிளட்ச்சில் ஊராதீர்கள். அம்பாசிடர் முதல் கியர் ஐடிலிலேயே மணிக்கு 5 கி.மீ.க்கு மேல் போகும், நாதஸ்வரக் கோஷ்டி அதில் பாதி வேகம்கூட நடக்காது. கோஷ்டியை நாற்பது அடி முன்னால் விட்டு, கிளட்ச்சை முழுதாக எடுத்து நகர்ந்து, நிறுத்தி நியூட்ரலில் நில்லுங்கள்.

மீறிக் கொதித்துவிட்டால், தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்றால் உடனே ஆஃப் பண்ணாமல் பானட்டைத் தூக்கி, நியூட்ரலில் 1200 சுமாரில் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். தண்ணீர் முழுக்க வெளியே போயிருந்தால் உடனே ஆஃப். மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடிகிற வரை மூடியைத் தொடாதீர்கள். அப்போதும் ஈரச் சாக்கைப் போட்டு, முதல் பள்ளம் வரை மட்டும் திருகி ஆவி போன பிறகே திறக்க வேண்டும். காய்ந்த சூட்டில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். அரை மணி நேரமாவது ஆற விட்டு, ஸ்டார்ட் செய்து, ஓடும் இன்ஜினில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இன்ஜினைச் சுற்றாதீர்கள். ஆயில் நன்றாக இருந்தால் மூடியைத் திறந்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பம்ப் சுற்றாத நிலையில் கழுத்தில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகப் புகை வருகிறது. பத்மினியாக இருந்தால் ஹெட் வளைந்திருக்கவும் வாய்ப்பு அதிகம், மட்டப்பலகை வைத்துப் பார்க்காமல் புது கேஸ்கெட் போடாதீர்கள்.